புதிய செயற்குழு உறுப்பினர்களுக்குப் பொன்னாடையைத் தவிர வேறு என்ன கொடுக்கலாம்?

உப்புக்காத்து:

வணக்கம். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு கட்டுமானப் பொறியாளர் சங்கத்துக்குப் போன மாதம் நான் செயலாளர் ஆனேன். சங்கத்தின் பெயர் வேண்டாம். சின்ன வட்டம், சொன்னால் நாளைக்கே போன் வரும். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, ராமநாதபுரம் டவுன் என்று உறுப்பினர்கள் பரவிக் கிடக்கிறார்கள். லாப நோக்கமில்லாத, பதிவு பெற்ற சங்கம். சந்தா வசூல், வருடத்துக்கு ஒரு கருத்தரங்கு, செப்டம்பர் 15 பொறியாளர் தினம், யாருக்காவது பிளான் அப்ரூவலில் சிக்கல் என்றால் நாலு பேர் சேர்ந்துபோய் மனு கொடுப்பது, இவ்வளவுதான் நம் வேலை.

செயற்குழுவில் 11 பேர். ஆனி மாதக் கடைசியில் நடந்த பொதுக்குழுவில் 5 பேர் புதிதாக வந்திருக்கிறார்கள். போன முறையும் இப்படித்தான் 4 பேர் வந்தார்கள். ஃபிளெக்ஸ், பொன்னாடை, நினைவுப் பரிசு, பிரியாணி என்று பதவியேற்பு விழா தடபுடலாக நடந்தது. மூன்றாவது கூட்டத்துக்கு அவர்களில் 2 பேர் வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்தில் இன்னொருவரும் நின்றுவிட்டார். மிச்சமிருந்த ஒருவரும் மூன்று வருடமும் வாயைத் திறக்காமல் டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டுப் போனார். வராமல் போனவர்களில் ஒருவரைப் பின்னால் பஸ் ஸ்டாண்டில் பார்த்துக் கேட்டேன். "அண்ணே, நீங்கள்லாம் என்ன பேசுறீங்கன்னே எனக்குப் புரியல. கேட்டா மட்டமா நெனைப்பீங்கன்னு நின்னுட்டேன்" என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது, ஏனென்றால் அவருக்கு அன்றைக்குப் பொன்னாடை போர்த்தியதே நான்தான்.

ஆடி பிறந்துவிட்டதால் விழாவை ஆவணிக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். ஆடி அமாவாசைக்கும் திருக்கல்யாணத்துக்கும் வருகிற கூட்டத்தில் ராமேஸ்வரத்தில் ஹாலும் கிடைக்காது, வண்டி நிறுத்த இடமும் கிடைக்காது, அது வேறு விஷயம். ஆக ஒரு மாதம் கையில் இருக்கிறது. இந்த 5 பேரையும் முன்கூட்டியே உட்காரவைத்துச் சங்கம் எப்படி நடக்கிறது என்று சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். என்ன சொல்வது, எதைக் கையில் கொடுப்பது, யார் பேசுவது, அரை நாள் போதுமா? வேறு சங்கங்களில் இருந்தவர்கள் செய்து பார்த்ததைச் சொல்லுங்கள்.

ரசீதுப்புத்தகம்:

தம்பி, முதலில் ஒரு திருத்தம். விழா ஆவணியில் இருக்கலாம், பதவி ஆனியிலேயே வந்துவிட்டது. உங்கள் பைலாவில் (சங்க விதிகளில்) வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, பொதுக்குழு தேர்ந்தெடுத்த அன்றிலிருந்து அவர்கள் செயற்குழுதான். பொன்னாடை வரும்வரைக்கும் சட்டம் காத்திருக்காது. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் படிவம் 7 கொடுத்தாகிவிட்டதா? நிர்வாகக் குழுவில் யார் போனார், யார் வந்தார் என்று சொல்லுகிற படிவம். அதற்குக் கெடு உண்டு, ஆடி பார்த்துத் தள்ளிப்போடுகிற காரியம் இல்லை. பிற்பாடு கோஷ்டி பிரிந்தால் ஆளுக்கொரு படிவம் 7-ஐத் தூக்கிக்கொண்டு சிவில் கோர்ட் வரைக்கும் போவார்கள், பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் இரண்டு முறை பொருளாளராக இருந்தவன் (பொறியாளர் சங்கம் இல்லை, வேறு தொழில்). என்னைக் கேட்டால் புது ஆளுக்கு முதலில் காட்டவேண்டியது பணம். வரலாறு, நோக்கம், தலைவர் உரை எல்லாம் அப்புறம். பாஸ்புக், எஃப்.டி. (வங்கி வைப்புத்தொகை) ரசீதுகள், போன வருடம் ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட வரவு செலவு, கொடுக்கவேண்டிய பாக்கி, வரவேண்டிய சந்தா, செக்கில் யார் யார் கையெழுத்து. இவ்வளவையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டு "கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், நான் முதல் தடவை பொருளாளர் ஆனபோது என் கையில் ஒரு ரெக்ஸின் பையைக் கொடுத்தார்கள். உள்ளே பாதி எழுதின ரசீதுப் புத்தகம் 3, செக் புத்தகம் 1, சீல், காய்ந்துபோன ஸ்டாம்ப் பேடு. அவ்வளவுதான் எனக்கு நடந்த வரவேற்பு. எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அதற்கு முந்திய இரண்டு வருடக் கணக்கு பதிவாளரிடம் தாக்கலே ஆகவில்லை என்று. யாரும் திருடவில்லை, யாரும் வேலையைச் செய்யவும் இல்லை. பழைய பொருளாளர் செயலாளர் செய்திருப்பார் என்று நினைத்தார், செயலாளர் ஆடிட்டர் செய்திருப்பார் என்று நினைத்தார், ஆடிட்டருக்கு யாரும் ஃபீஸ் கொடுக்கவில்லை. தாமதக் கட்டணம் கட்டி, பழைய வவுச்சர்களை ஒவ்வொரு வீடாகப் போய்ப் பொறுக்கி, அந்த வருடம் முழுக்க அதிலேயே போயிற்று.

ஆகவே சட்டத்தில் எதைச் சொல்லித் தரவேண்டும் என்றால் பெரிய வகுப்பெல்லாம் வேண்டாம். நாம் இருப்பது 1975-ம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் (நடைமுறைக்கு வந்தது 1978). நிர்வாகக் குழுவுக்கு ஒரு முறைக்கு மூன்று வருடத்துக்கு மேல் காலம் கிடையாது, திரும்ப நின்று ஜெயிக்கலாம். வருடா வருடம் பொதுக்குழு கூட்டவேண்டும். மார்ச்சில் கணக்கை மூடினால் தணிக்கை செய்த கணக்கும் உறுப்பினர் பட்டியலும் ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பருக்குள், பதிவாளரிடம் போயாக வேண்டும். உங்களுக்கு அதே செப்டம்பரில்தான் பொறியாளர் தினமும் வருகிறது. விஸ்வேஸ்வரய்யாவுக்கு மாலை போடுகிற மும்முரத்தில் கணக்குத் தாக்கல் மறந்துபோன சங்கம் ஒன்றிரண்டு இல்லை. வருமானவரியில் விலக்குக்கான 12ஏ பதிவு வைத்திருந்தால் அது எந்தத் தேதியில் முடிகிறது என்று பெரிய எழுத்தில் எழுதி ஃபைல் அட்டையிலேயே ஒட்டுங்கள். 2021-ல் விதி மாறியதிலிருந்து அது முன்னைப்போல் ஒரு தடவை வாங்கினால் போதும் என்கிற சமாச்சாரம் இல்லை, காலக்கெடுவோடுதான் வருகிறது.

தொண்டிக்காரன்:

ஒரு மாற்றுக் கருத்து. வகுப்பு எடுப்பதெல்லாம் வீண் வேலை. நாம் என்ன கலெக்டர் ஆபீஸா நடத்துகிறோம்? ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையைக் கொடுங்கள், தானாகக் கற்றுக்கொள்வார்கள். ஒருவருக்குச் சந்தா பாக்கி வசூல், ஒருவருக்கு விழா மலர் விளம்பரம், ஒருவருக்குக் கருத்தரங்கு ஹால். எங்கள் சங்கத்தில் அப்படித்தான். உட்காரவைத்து மூன்று மணி நேரம் பேசினால் அன்றைக்கே ஓடிவிடுவார்கள்.

ரசீதுப்புத்தகம்:

தொண்டி அண்ணே, வேலை கொடுப்பது சரி. ஆனால் விழா மலர் விளம்பரத்தைப் புது ஆளிடம் கொடுத்த கதை எனக்குத் தெரியும். பையன் நல்ல துடிப்பு, பெயிண்ட் கடை, டைல்ஸ் கடை, ஹார்டுவேர் என்று இரண்டே வாரத்தில் ஏறி இறங்கிப் பெரிய தொகை பிடித்துவிட்டான். எல்லாம் அவன் சொந்த ஜிபே நம்பருக்கு. ரசீது கொடுக்கவேண்டும் என்றே அவனுக்கு யாரும் சொல்லவில்லை, ரசீதுப் புத்தகமும் கொடுக்கவில்லை. மலர் அச்சடித்த செலவும் அவன் கணக்கிலிருந்தே போயிற்று. கடைசியில் பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து "கணக்கு எங்கே" என்று கேட்க, அவன் போனை நீட்டிக் காட்டுகிறான், யாரும் பார்க்கத் தயாராக இல்லை. ஒரு பைசா அவன் தொடவில்லை என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பையன் எந்தச் சங்கத்துப் பக்கமும் தலைவைத்துப் படுக்கவில்லை.

தொண்டிக்காரன்:

அது சரிதான். அப்படியென்றால் வேலையும் ரசீதுப் புத்தகமும் சேர்த்துக் கொடுங்கள் என்று என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் மூன்று மணி நேரப் பேச்சு வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

பாலத்துக்கு_அந்தப்பக்கம்:

நான் இரண்டு வருடம் முன்பு இப்படி ஒரு செயற்குழுவுக்குப் புதிதாகப் போனவள். ராமேஸ்வரம் தீவிலிருந்து ஒரே ஆள், அதிலும் ஒரே பெண். நீங்கள் எல்லாரும் சொல்லிக்கொடுக்கிற பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள், நான் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் கூட்டத்தில் நான் உள்ளே போனதும் எல்லாரும் எழுந்து நின்று வரவேற்றார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உட்கார்ந்த பிறகு அரை மணி நேரம் "அந்த மண்டபம் விவகாரம்" என்று ஒன்றைப் பேசினார்கள். மண்டபம் என்பது ஊரா, கல்யாண மண்டபமா என்றே எனக்குத் தெரியவில்லை. சிரிக்கிறார்கள், ஒருவர் கோபப்படுகிறார், இன்னொருவர் "அதை மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) எழுதாதீங்க" என்கிறார். நான் நோட்டில் "மண்டபம்" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன். மூன்று மாதம் அந்தக் கேள்விக்குறி அப்படியே இருந்தது.

எனக்கு உதவி செய்தது வகுப்போ ஃபைலோ இல்லை. உச்சிப்புளியிலிருந்து வருகிற மூத்த உறுப்பினர் ஒருவர். ராமநாதபுரத்தில் கூட்டம் முடிந்து ராமேஸ்வரம் பஸ்ஸில் ஒன்றாகத் திரும்புவோம். அப்போது பழைய ரயில் பாலம் மூடியிருந்தது, புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தார்கள், அதனால் தீவுக்காரர்களுக்கு பஸ்தான் கதி. அந்த மனிதர் உச்சிப்புளியில் இறங்குகிறவரைக்கும் அன்றைக்குக் கூட்டத்தில் பேசினதற்கெல்லாம் பின்கதை சொல்லுவார். யார் யாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அது எதில் ஆரம்பித்தது, எந்தத் தீர்மானம் போட்டும் நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை. மண்டபம் விவகாரம் என்பது சங்கத்துக்கு இடம் வாங்க முன்பணம் கொடுத்து அது திரும்பி வராத கதை என்று அந்த பஸ்ஸில்தான் தெரிந்துகொண்டேன். அதற்கடுத்த கூட்டத்தில்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தேன்.

ஆகவே என் பட்டியல் சின்னது. ஒவ்வொரு புது ஆளுக்கும் ஒரு பழைய ஆளைச் சேர்த்துவிடுங்கள், முடிந்தால் ஒரே வழித்தடத்தில் வருகிற ஆளாக. தலைவர், செயலாளரைச் சேர்க்காதீர்கள், அவர்களிடம் யாரும் மனம்விட்டுக் கேட்கமாட்டார்கள். முதல் கூட்டத்துக்கு முன்பே சங்கத்தில் இப்போது கொதித்துக்கொண்டிருக்கிற இரண்டு மூன்று சண்டைகளை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இரண்டு தரப்பையும் சொல்லுங்கள். வீட்டுக்கு வருகிற புது மருமகளிடம் எந்தச் சித்தப்பாவிடம் பேசக்கூடாது என்று மாமியார் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும், அதேதான்.

இன்னொன்று. என்னை ஒரு வருடம் முழுக்க நன்றியுரைக்கும் சிறப்பு விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுக்கவும்தான் கூப்பிட்டார்கள். நான் கட்டிட வடிவமைப்பில் எம்.இ. படித்தவள். கடற்கரையிலிருந்து கல்லெறி தூரத்தில் கட்டுகிற வீட்டில் கம்பி எத்தனை வருடத்தில் துருப்பிடிக்கும், கம்பிக்கு மேல் கான்கிரீட் கவரிங் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று பேசச் சொல்லியிருந்தால் பேசியிருப்பேன். உங்கள் 5 பேரில் பெண் யாராவது இருந்தால் முதல் வருடத்தில் நன்றியுரை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான் கேட்டுக்கொள்வது.

கூட்ட நேரத்தையும் பாருங்கள். இரவு 7 மணிக்கு ராமநாதபுரத்தில் ஆரம்பித்து 10 மணிக்கு முடித்தால் தீவுக்காரர்கள் வீடு சேர நள்ளிரவு ஆகிவிடும். மூன்றாவது கூட்டத்துக்கு வராதவர்களில் எத்தனை பேர் பாலத்துக்கு இந்தப்பக்கம் இருந்தார்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

உப்புக்காத்து:

எண்ணிப் பார்த்தேன். நின்றுபோன 3 பேரில் 2 பேர் பாம்பனும் தங்கச்சிமடமும். இது எனக்கு இத்தனை நாள் உறைக்கவே இல்லை. இந்த முறை வந்தவர்களில் ஒருவர் பெண்தான், கீழக்கரையிலிருந்து வருகிறார், அவருக்கு நன்றியுரை என்று அழைப்பிதழ் மாதிரியில் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது. மாற்றச் சொல்லிவிட்டேன்.

கீழக்கரைக்காரன்_டெக்சாஸ்:

சலாம். ஊர் பேச்சு என்றதும் எட்டிப் பார்த்தேன். நான் இங்கே அமெரிக்காவில் ஒரு தொழில்முறைப் பொறியாளர் அமைப்பின் உள்ளூர்க் கிளையில் ஆறு வருடம் போர்டில் (நம் செயற்குழு மாதிரி) இருந்தேன். அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறேன், எல்லாம் நமக்குப் பொருந்தும் என்று சொல்லவில்லை.

பொருந்தாததை முதலில் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த அன்று தலையணை கனத்தில் ஒரு ஃபைல் கொடுத்தார்கள். பைலா, பத்து வருட நிதி அறிக்கை, நீண்டகாலத் திட்டம், எல்லாக் குழுக்களின் பட்டியல். நான் அதை லேப்டாப்புக்கு அடியில் உயரத்துக்கு வைத்துக்கொண்டேன். என்னோடு சேர்ந்த மற்ற மூன்று பேரும் அதற்கு மேல் படித்ததாகத் தெரியவில்லை.

உருப்படியாக இருந்தவை இரண்டு. ஒன்று, போர்டு உறுப்பினரின் கடமை என்ன என்று முதல் நாளே தெளிவாகச் சொன்னார்கள். அங்கே சட்டத்திலேயே அதை மூன்றாகப் பிரித்துப் பேசுவார்கள். கையெழுத்துப் போடுமுன் படித்துப் பார்த்து, தெரியாததைக் கேட்டு, புத்தியோடு முடிவெடுப்பது ஒரு கடமை. முடிவெடுக்கும்போது சொந்த லாபத்தைத் தள்ளிவைத்து அமைப்பின் நன்மையை மட்டும் பார்ப்பது இரண்டாவது. அமைப்பு எதற்காகத் தொடங்கப்பட்டதோ அதையும் சட்டத்தையும் பைலாவையும் மீறாமல் இருப்பது மூன்றாவது. கேட்க சாதாரணமாக இருக்கும், ஆனால் "தெரியாததைக் கேட்பது உன் உரிமை இல்லை, கடமை" என்று தலைவரே முதல் நாள் சொல்லும்போது புது ஆளுக்கு வாய் திறக்கும். பஸ் ஸ்டாண்டில் உங்களிடம் பேசினாரே, அவரிடம் இதை யாராவது சொல்லியிருந்தால் அவர் வராமல் நின்றிருக்கமாட்டார்.

இரண்டாவது, வருடா வருடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். உனக்கோ உன் குடும்பத்துக்கோ இந்த அமைப்போடு கொடுக்கல் வாங்கல் உள்ள தொழில் இருக்கிறதா, எழுது. இருந்தால் தப்பில்லை, அந்த விஷயம் வரும்போது வெளியே போய் உட்கார்ந்துகொள். இங்கே ஓரளவுக்கு மேல் வருமானம் உள்ள லாப நோக்கமில்லாத அமைப்புகள் 990 என்று ஒரு படிவத்தை வருடந்தோறும் வரித்துறைக்குக் கொடுக்கவேண்டும், பொதுமக்கள் யாரும் அதைக் கேட்டுப் பார்க்கலாம். அந்தப் படிவத்திலேயே இப்படி ஒரு எழுத்துபூர்வமான விதி உங்களிடம் உண்டா என்று கேள்வி இருக்கிறது. அதனால் யாரும் அதைச் சும்மா விடுவதில்லை.

நம் ஊருக்கு இது இன்னும் அதிகமாக வேண்டும் என்று நினைக்கிறேன். பொறியாளர் சங்கத்தில் பாதிப்பேர் கான்ட்ராக்டர்கள், சிலருக்குச் சொந்தமாகவோ மச்சான் பெயரிலோ கம்பி சிமெண்ட் கடை, எம்.சாண்ட் லாரி. கருத்தரங்குக்குச் சாப்பாடு யார் போடுகிறார்கள்? ஏதாவது ஒரு சிமெண்ட் கம்பெனி. மேடையில் அவர்களுக்கு அரை மணி நேரம். இதைத் தப்பு என்று சொல்லவில்லை, சந்தாவை மட்டும் வைத்து ஹால் வாடகைகூடக் கொடுக்கமுடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் புது உறுப்பினருக்கு முதல் நாளே தெரியவேண்டும்: இந்தச் சங்கத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், பதிலுக்கு நாம் என்ன கொடுக்கிறோம், எதைக் கொடுக்கமாட்டோம். பின்னால் தெரிந்தால் ஒன்று அவர் மனம் வெறுத்துப் போவார், இல்லையென்றால் அவரும் கற்றுக்கொள்வார்.

உப்புக்காத்து:

காக்கா (உங்கள் ஊர் வழக்கப்படி அண்ணன்), கடைசி வரி சுட்டது. எங்கள் குழுவில் ஒருவருக்குக் கம்பிக் கடை இருக்கிறது, நல்ல மனிதர், சங்கத்துக்கு நிறைய செய்தவர். அவர் முன்னால் இந்தத் தாளை எப்படி நீட்டுவது என்றுதான் யோசனை.

கீழக்கரைக்காரன்_டெக்சாஸ்:

அவரிடமே கொடுத்து முதல் கையெழுத்தைப் போடச் சொல்லுங்கள், புது ஆட்கள் அவருக்குப் பின்னால் போடட்டும். பெருந்தன்மையாகச் செய்வார். ஊருக்கு வரும்போது தொதல் இனிப்பு வாங்கித் தருகிறேன்.

கேம்ப்_ரோடு:

நான் மண்டபம் கேம்ப்பில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், பொறியாளர் இல்லை. ஒரு சின்னத் தகவலோடு ஆரம்பிக்கிறேன். தொழில்முறைச் சங்கம் என்பது நம் கடற்கரைக்குப் புதிதில்லை. இந்தியக் கடல் உயிரியல் சங்கம் 1958-ல் இங்கே மண்டபம் கேம்ப்பில்தான் ஆரம்பித்தது. 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அப்போது இங்கே இருந்ததால் விஞ்ஞானிகள் கூட்டமாக இருந்த ஊர் இது. தொடங்கிய அடுத்த வருடமே ஆராய்ச்சி இதழ் கொண்டுவந்தார்கள். பிறகு நிலையத்தின் தலைமையிடம் கொச்சிக்குப் போனது, சங்கமும் அங்கே போனது, இதழ் இன்றைக்கும் வருகிறது. ஊர் மாறி, தொடங்கினவர்கள் எல்லாம் போய், இத்தனை தலைமுறை மாறின பிறகும் ஒரு சங்கம் நிற்கிறது என்றால் அவர்கள் எழுதி வைத்தது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

நம் சின்னச் சங்கங்களில் எழுதி வைப்பதுதான் கிடையாது. எல்லாம் ஒருவர் தலைக்குள் இருக்கும். அவர் மகன் வீட்டோடு சென்னைக்குப் போய்விட்டால் சங்கமும் போயிற்று. பஸ்ஸில் பின்கதை சொன்ன பெரியவர் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அதனால் புது உறுப்பினர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள். கடந்த இரண்டு வருட மினிட்ஸ் புத்தகத்தை நகல் எடுத்துக் கொடுத்து, படித்துவிட்டு ஆளுக்கு ஐந்து கேள்வி எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பழையவர்கள் உரை நிகழ்த்த வேண்டாம், அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். தொண்டிக்காரர் பயப்படுகிற மூன்று மணி நேரப் பேச்சும் வராது. மினிட்ஸே ஒழுங்காக இல்லை என்றால் அதுவும் அன்றைக்குத் தெரிந்துவிடும். "பல்வேறு விஷயங்கள் விவாதிக்கப்பட்டன, தேநீருடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது" என்று மட்டும் எழுதியிருக்கிற மினிட்ஸ் புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் லெட்டர்பேடும் சீலும். புது உறுப்பினர் ஒருவர் ஆர்வக்கோளாறில் சங்க லெட்டர்பேடில் தன் சொந்த மனையின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலப் பிரச்சினையை (கடலோரம் கட்டுவதற்கான கட்டுப்பாடு) எழுதி மனு கொடுத்துவிட்டார், சங்கமே கேட்கிற மாதிரி. அதிகாரி தலைவரைக் கூப்பிட்டுக் கேட்க, தலைவருக்கு ஒன்றும் தெரியாது. சங்கத்தின் பெயரில் யார் பேசலாம், பத்திரிகைக்காரர் கேட்டால் என்ன சொல்வது, வாட்ஸ்அப் குழுவில் பேசினதை வெளியே அனுப்பலாமா, இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். டீக்கடையில் நாலு பேர் "சங்கத்துல என்ன முடிவு பண்ணீங்க" என்று கேட்பார்கள், அப்போது அவர் வாயிலிருந்து வருவதுதான் ஊரைப் பொறுத்தவரை சங்கத்தின் தீர்மானம்.

உப்புக்காத்து:

எல்லாருக்கும் நன்றி. இதுவரை முடிவு செய்தது: ஞாயிறு காலை 10 மணிக்கு உச்சிப்புளியில், உறுப்பினர் ஒருவரின் ஆபீஸ் மாடியில். தீவுக்கும் டவுனுக்கும் நடுவில் வருகிறது, மத்தியானச் சாப்பாட்டோடு முடித்துவிடலாம். படிவம் 7 திங்கள்கிழமையே போகிறது (ரசீதுப்புத்தகம் அண்ணே, இன்னும் போகவில்லை, திட்டவேண்டாம்). மினிட்ஸ் நகல் ஐந்து செட் எடுத்தாகிவிட்டது. பொன்னாடை கிடையாது.

உப்புக்காத்து (இரண்டு வாரம் கழித்து):

நடந்ததைச் சொல்லவேண்டும் அல்லவா. 5 பேரில் 4 பேர் வந்தார்கள், ஒருவருக்குக் கான்கிரீட் போடுகிற நாள், அவரை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். கம்பிக்கடைக்காரர் முதல் கையெழுத்தைப் போட்டார், காக்கா சொன்ன மாதிரியே, "இதை முன்னாலேயே வெச்சிருக்கணும்" என்று வேறு சொன்னார். கீழக்கரைப் பெண் கொண்டுவந்த ஐந்து கேள்வியில் மூன்றுக்கு எங்களிடம் பதில் இல்லை. அதில் ஒன்று: மூன்று வருடம் முன்பு நூலகம் அமைக்கத் தீர்மானம் போட்டீர்களே, அந்தப் புத்தகங்கள் எங்கே? தலைவர் என்னைப் பார்த்தார், நான் பழைய செயலாளரைப் பார்த்தேன், அவர் ஜன்னலைப் பார்த்தார். புத்தகங்கள் இன்னொருவர் வீட்டுப் பரணில் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன, கரையான் விட்டு வைத்தவை.

பாஸ்புக்கையும் எஃப்.டி. ரசீதையும் மேசையில் பரப்பினபோதுதான் பெரிய கூத்து. தங்கச்சிமடத்துத் தம்பி, இருப்பதிலேயே வயதில் சின்னவர், ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "அண்ணே, இது சங்கத்து பேர்ல இல்லையே, ரெண்டு பேர் பேர்ல இருக்கே, இவங்க யாரு?" என்று கேட்டார். எட்டு வருடம் முன்பு இருந்த தலைவர், பொருளாளர் பெயர்கள். அந்தத் தலைவர் போன வருடம் தவறிவிட்டார். பொருளாளர் துபாயில். எஃப்.டி. தானாகப் புதுப்பித்துக்கொண்டே போயிருக்கிறது, நாங்கள் வருடா வருடம் ஆடிட்டரிடம் அந்த ரசீதின் ஜெராக்ஸைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறோம். ஒருவரும் மேல் வரியைப் படிக்கவில்லை, நான் உட்பட.

துபாய்க்காரரிடம் பேசிவிட்டேன், கடிதம் அனுப்புகிறார். நாளைக்கு வங்கிக்குப் போகிறோம், தங்கச்சிமடத்துத் தம்பியும் வருகிறார், அவரேதான் வருகிறேன் என்றார். செயற்குழுத் தீர்மான நகலும், படிவம் 7-ன் சான்றிட்ட நகலும் கேட்கிறார்கள். அண்ணே, இறந்தவர் பெயரில் இருப்பதற்கு அவர் வீட்டாரிடமும் எழுதி வாங்கவேண்டுமா?

ரசீதுப்புத்தகம்:

பெயருக்குப் பக்கத்தில் "தலைவர்", "பொருளாளர்" என்று பதவி போட்டிருக்கிறதா, வெறும் பெயரா? அதைப் பார்த்துச் சொல்லுங்கள், அதைப் பொறுத்துத்தான் எல்லாம். வெறும் பெயர் என்றால் வங்கி கேட்குமுன் நீங்களே அவர் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள், பழம் வாங்கிக்கொண்டு. தீர்மானத்தில் எஃப்.டி. நம்பர், தொகை, தேதி மூன்றும் இருக்கவேண்டும். அந்தத் தம்பியை எழுதச் சொல்லுங்கள்.

உப்புக்காத்து:

வெறும் பெயர்தான். சாயங்காலம் பழத்தோடு போகிறேன்.